தோட்டத்துச் சபைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உபதேசியாராக இருக்கிறேன், குரு இல்லை. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் டிவிஷனுக்கு வருவார், மற்ற நாட்களில் சனம் கேட்பதெல்லாம் என் காதில்தான் விழும். ஒரே சந்தேகத்துக்கு மேட்டு லயத்திலும் (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு) பணிய லயத்திலும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. உங்கள் சபையில் வேறு மாதிரிச் சொன்னால் அவர்களோடும் பேசிப் பாருங்கள்.

பக்கத்துக் காம்பராவுல இருந்து பொங்கல் கொண்டுவந்து தர்றாங்க. வாங்கலாமா? வாங்கிட்டு யாருக்கும் தெரியாம வீசிரலாமா?

வீசாதீர்கள், முதலில் அது. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான், வீசியது விடியுமுன் தெரிந்துவிடும்.

கொரிந்து பட்டணத்துச் சபைக்கும் இதே தலைவலி இருந்தது. பவுல் 1 கொரிந்தியர் 10இல் சொல்வது ரொம்பத் தெளிவு: கடையில் விற்கிற இறைச்சியைத் துருவிக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடு, மற்ற மதத்தவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போய் வைத்ததைச் சாப்பிடு, ஆனால் 'இது படைத்தது' என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. சோற்றில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, பார்க்கிறவர் அதை என்னவாக எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் பிரச்சினை.

அதனால் தைப்பொங்கலுக்கு வாசலில் பொங்கி அனுப்புவதைச் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுங்கள். கோயிலில் படைத்தது என்று சொல்லித் தந்தால், "அக்கா, படைச்சது நாங்க சாப்பிடுறதில்ல, கோவிச்சுக்காதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம், யாரும் கோவித்ததை நான் பார்த்ததில்லை. கும்பிடுவது எங்கே தொடங்குகிறதோ அங்கே நின்றுகொள், அதுவரை சனத்தோடு இரு. கீழே பல கேள்விகளுக்கு நான் இதையேதான் சொல்லப் போகிறேன்.

பொட்டு வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, தாலியைக் கழட்டுன்னு சொல்றாங்க. அப்படி பைபிள்ல இருக்கா?

இல்லை. தாலியில் சிலுவையோ புறாவோ வைத்துக் கட்டுவது தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் பழைய வழக்கம். சில பெந்தெகொஸ்தே சபைகள் நகையே வேண்டாம் என்று 1 பேதுரு 3ஐக் காட்டும், அது அந்தச் சபையின் ஒழுங்கு, சேர்ந்தவர்கள் கடைப்பிடிக்கலாம். ஆனால் இந்துப் புருஷனோடு வாழ்கிற பெண்ணிடம் தாலியைக் கழற்று என்று சொல்வது அவள் குடும்பத்தில் தீ வைக்கிற வேலை. அதற்கு வேதத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

சின்னப் புள்ளையில ஞானஸ்நானம் குடுத்தாச்சு. புதுசா போற சபையில அது செல்லாது, ஆத்துல முங்கணும்ங்கிறாங்க?

கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் குழந்தைக்குக் கொடுக்கும், ஒருமுறை கொடுத்தால் திரும்பக் கொடுக்காது. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் விவரம் தெரிந்து விசுவாசித்த பிறகு முழுக்குதான் ஞானஸ்நானம் என்று சொல்லும். இரண்டு பக்கமும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியாச்சு, நான் தீர்த்து வைக்கப் போவதில்லை. நான் மெதடிஸ்தன், என் பக்கம் உங்களுக்குத் தெரியும். முங்குவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "முங்கலைன்னா என்னை விசுவாசியா ஏத்துக்குவீங்களா?" அதற்கு வருகிற பதிலில் அந்தச் சபையைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இது வெள்ளைக்காரத் துரை கொண்டாந்த மதம்தானேன்னு எங்க மாமா கேக்கிறார். என்ன சொல்றது?

பாதி உண்மை என்று சொல்லுங்கள். துரைமார் தங்களுக்குக் கட்டிய கோயில்கள் இன்னும் நிற்கின்றன, நுவரெலியாவில் 1852இன் பரிசுத்த திரித்துவ ஆலயம், டிக்கோயாவில் 1878இன் வார்லி ஆலயம். வார்லிக்குப் போனால் கல்லறைத் தோட்டத்துப் பெயர்களையெல்லாம் வாசித்துப் பாருங்கள், துரைமாரின் பெயர்கள். அந்தக் காலத்துத் தொழிலாளியின் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது, அவர்களில் பலரைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது.

மற்றப் பாதி: தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கு வந்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தே கிறிஸ்தவர்களாக வந்தவர்களும் இருந்தார்கள். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தமிழ் உபதேசியார்களைத்தான் தோட்டம் தோட்டமாக அனுப்பியது, பாட்டாளிக்கு வேதம் சொன்னது பெரும்பாலும் அவர்கள்தான். அந்த மிஷனுக்குத் துரைமார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம், துரை காசில் நடந்த மிஷன் சம்பளத்தைப் பற்றி எவ்வளவு வாய் திறந்திருக்கும் என்று மாமா கேட்டால் அது நியாயமான கேள்வி. பிற்காலத்தில் வாய் திறந்தவர்களும் உண்டு. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காகக் கடைசிவரை பேசினார். அவர் தமிழரும் இல்லை.

ஞாயித்துக்கெழம கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனா பாவமா?

இல்லை. ஓய்வுநாள் மனுசனுக்காக உண்டானது என்று இயேசுவே மாற்கு 2இல் சொல்லிவிட்டார். கொழுந்து துளிர்க்கிற மாதங்களில் ஞாயிறு கிடைக்கிற காசில்தான் பிள்ளையின் சப்பாத்து வாங்குகிறார்கள். அதை மேடையில் நின்று கண்டிக்கிறவர் அந்தச் சப்பாத்துக்கு வழி சொல்லட்டும்.

சபை தன் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் டிவிஷனில் அந்த மாதங்களில் ஆராதனை பின்னேரம்தான். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வருவார்கள், கூடையும் படங்கும் கோயில் வாசலில் வரிசையாகச் சாய்ந்திருக்கும், படங்கிலிருந்து சொட்டுகிற தண்ணீர் படியில் ஓடும், உள்ளே பாதிப் பேர் முதல் பாட்டிலேயே கண் அயர்ந்துவிடுவார்கள். அயரட்டும்.

சம்பளத்துல கோயில் காசு பிடிக்கிறாங்க. மாரியம்மன் திருவிழாவுக்கு நாம ஏன் குடுக்கணும்?

இதில் மனச்சாட்சியும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. சம்பளச் சீட்டில் உங்கள் சம்மதமில்லாத கழிவு இருந்தால் தோட்டத்து ஒபிசில் எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்லலாம். பயப்படத் தேவையில்லை. ஆனால் முதலில் தோட்டத் தலைவரிடமும் கோயில் கமிட்டியிடமும் பேசுங்கள், ஒபிசுக்கு நேரே போனால் அது வேறு கதையாகிவிடும்.

மனச்சாட்சி விஷயத்துக்கு 2 இராஜாக்கள் 5ஐ வாசித்துப் பாருங்கள். குஷ்டம் சுகமான நாகமான் இனிக் கர்த்தரைத் தவிர யாருக்கும் பலியிட மாட்டேன் என்கிறான். உடனே, என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குள் என் கையில் சாய்ந்துகொண்டு போகும்போது நானும் குனிய வேண்டி வருமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசா வசனமெல்லாம் சொல்லவில்லை, சமாதானத்தோடே போ என்றார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சில குடும்பங்கள் கமிட்டியோடு பேசி, பூசைச் செலவுக்கு இல்லாமல் பந்தல், லைட், அன்னதான அரிசி என்று தங்கள் காசைக் கொடுக்கிறார்கள். முதல் கேள்வியில் சொன்ன கோடு இங்கேயும் அதே இடத்தில்தான் ஓடுகிறது.

கடன் வாங்கியாவது தசமபாகம் குடுத்தா கர்த்தர் ரெட்டிப்பா தருவார்னு பாஸ்டர் சொல்றார். குடுக்கவா?

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். மல்கியா 3ஐ மட்டும் வாசிக்கிறவர்கள் உபாகமம் 14இன் கடைசி வசனங்களையும் வாசிக்க வேண்டும்: மூன்றாம் வருசத்துத் தசமபாகம் ஊரிலுள்ள பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சாப்பாடாகப் போக வேண்டும். குழுக் கடன் தவணைக்கு ஒளிந்து திரிகிற விதவை அந்தச் சட்டப்படி வாங்க வேண்டியவள்.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள், மாற்கு 12. அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை இயேசு கண்டிக்கிற வசனம் இருக்கிறது. காணிக்கைப் பிரசங்கத்தில் அந்த வசனம் எப்படியோ விடுபட்டுவிடும். ரெட்டிப்பாக வரும் என்று எண்ணிக் கொடுப்பது காணிக்கை இல்லை, லொத்தர். மனமிருந்தால் உள்ளதில் கொஞ்சம் கொடுங்கள், 2 கொரிந்தியர் 8 அதைத்தான் கேட்கிறது.

ஜெபம் பண்ணியாச்சு, இனி பிரஷர் குளிசை போட்டா விசுவாசம் இல்லைன்னு அர்த்தமா?

குளிசையைப் போடுங்கள், இன்றைக்கே போடுங்கள். வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல். துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். கைக்குட்டையால் சுகம் நடந்த அப்போஸ்தலருக்கே அப்படி. எங்கள் சபையிலும் எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம், ஜெபித்துவிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது என்று பேசுவோம். பிரஷர், சீனி, வலிப்பு, மனநோய் இவற்றுக்கான மருந்தை நிறுத்தச் சொல்கிற அதிகாரம் டொக்டருக்கு மட்டும்தான். மனநோயை எடுத்த எடுப்பில் பேய் என்று சொல்லி ராத்திரி முழுக்கப் பிடித்து உலுக்குவதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன், வேண்டாம்.

சபையில எல்லாரும் ஒண்ணுங்கிறாங்க. பொண்ணு கேட்டா மட்டும் ஜாதகம் பாக்காம சாதி பாக்கிறாங்களே?

சாதி பார்க்கிறார்கள், உண்மை. மழுப்ப ஒன்றும் இல்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சாதி வேற்றுமையை உடனே, அடியோடு விட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்காகவே சபையை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அந்தச் சண்டையின் மிச்சம் கப்பலேறி நம்மோடு வந்துவிட்டது. திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் குடிக்கிறோம், கல்யாணத் தரகரிடம் போனதும் 'நம்ம ஆளுங்களா?' என்று கேட்கிறோம். இதைச் செய்கிறவர்கள் மூப்பர்களாகவும் இருக்கிறார்கள். மேடையில் பொதுவாகக் கண்டித்தால் யாருக்கும் உறைக்காது. சபையில் ஒரு ஜோடி சாதி தாண்டிக் கட்ட நின்றால் குரு முன்னால் நின்று கட்டி வைக்கட்டும், சனம் அதைத்தான் பார்க்கும்.

இந்துப் பையனைக் கட்டிக்கப் போறேன். சபையில கட்டி வைப்பாங்களா? அவன் மாறணுமா?

சட்டத்துக்கு யாரும் மாற வேண்டியதில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி இரண்டு மதத்தவரும் பதிவாளர் முன்னால் கட்டிக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் 18 முடிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் விதிவிலக்கு வாங்கிக் கோயிலிலேயே செய்யலாம். மற்றச் சபைகளில் குருவைப் பொறுத்தது, முன்கூட்டியே கேளுங்கள்.

அவிசுவாசியோடு பிணைக்கப்படாதே என்ற 2 கொரிந்தியர் 6ஐ எல்லோரும் சொல்வார்கள். அதைத் தள்ளிவிட முடியாது, பிள்ளைக்கு எந்தப் பெயர், எந்த வழிபாடு என்பதைத் தாலிக்கு முன்னால் பேசி முடிக்காதவர்கள் பிறகு படுகிற பாடு பெரிது. ஆனால் கல்யாணத்துக்காக மட்டும் ஒருவனை அவசரமாக ஞானஸ்நானத்துக்கு நிறுத்துவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பொய் சொல்லித் தொடங்குகிற விசுவாசம் அது. ஏற்கெனவே கட்டி வாழ்கிறவர்களுக்கு 1 கொரிந்தியர் 7 இருக்கிறது: கூட வாழச் சம்மதித்தால் பிரிய வேண்டாம்.

அப்பா இந்துவா செத்துட்டார். நான் மூத்த மகன், கிறிஸ்தவன். மொட்டை போடணும், கொள்ளி வைக்கணும்ங்கிறாங்க. பாஸ்டர் சாவு வீட்டுக்கே போகாதங்கிறார்.

போங்கள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளைக்கு மதம் பார்த்து விலக்கு இல்லை. காணிக்கை என்ற பேரில் பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7இல் விளாசியிருக்கிறார். யோசேப்பையும் பாருங்கள், தகப்பன் யாக்கோபு செத்ததும் எகிப்து வைத்தியர்களைக் கொண்டு சுகந்தவர்க்கமிட்டு, எகிப்தியர் எழுபது நாள் துக்கம் கொண்டாட விட்டான். தன் சனத்தின் வழக்கமே இல்லை அது.

எதைச் செய்வது, எதை விடுவது? பொகவந்தலாவைப் பக்கம் ஒரு மரண வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தப்பு அடிக்கிறார்கள், சித்தப்பா சவரக் கத்தியோடு ஆளைக் கூட்டி வந்துவிட்டார். மகன் சித்தப்பா காலடியில் உட்கார்ந்து, "பூசையும் கொள்ளியும் தம்பி செய்யட்டும், மத்ததெல்லாம் நான் செய்றேன்" என்றான். சித்தப்பா சத்தம் போட்டார். பிறகு கிழவி ஒருத்தி, அவன் பாட்டி, "அவன் தூக்கட்டும்டா, அவன் அப்பன்தானே" என்றாள். மகன் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வைத்து, வழுக்குகிற மழைச் சரிவில் செருப்பில்லாமல் மயானம் வரை இறங்கினான், குழிக்கு முதல் மண்ணும் அவன்தான் போட்டான், பெட்டிச் செலவும் பந்தியும் அவனுடையது. மொட்டை அடிப்பதைப் பற்றி என் கருத்து, அது துக்கத்தின் அடையாளம், யோபும் தலையைச் சிரைத்துக்கொண்டான். மனச்சாட்சி இடம் கொடுத்தால் அடிக்கலாம். பிதிருக்குப் பிண்டம் வைப்பது வேறு, அங்கே கும்பிடுவது தொடங்கிவிடுகிறது.

மண்சரிவுல செத்தவங்க பாவத்துக்குத்தான் செத்தாங்களா?

இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியபோதும் இப்படிப் பேசினவர்கள் இருந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசுவிடமே பேச்சு வந்தது, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகளா, அப்படியல்ல என்றார், லூக்கா 13. அபாயம் என்று தெரிந்த சரிவில் சனம் ஏன் இன்னும் பழைய லயத்தில் கிடக்கிறது என்பதைச் சபை கேட்க வேண்டும், அதைக் கேட்க வேண்டிய ஆட்கள் கம்பனியிலும் அரசாங்கத்திலும் இருக்கிறார்கள்.

தானே உயிரை மாய்ச்சிக்கிட்டவங்களுக்கு சபையில அடக்க ஆராதனை உண்டா? அவங்க நரகத்துக்குத்தானா?

உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு மறுத்தது, 1983இன் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மன உளைச்சல் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றே அதன் மறைக்கல்வி சொல்கிறது. எங்கள் சபையிலும் நடத்துவோம். நரகம் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எந்தப் பாஸ்டருக்கும் கொடுக்கப்படவில்லை, மரணமும் தேவ அன்பைவிட்டுப் பிரிக்காது என்ற ரோமர் 8 இவர்களுக்கும் சேர்த்துத்தான். அடக்கத்தன்று அந்தத் தாய் முன்னால் உட்கார்ந்திருப்பாள், பிரசங்கத்தில் பாவம் என்ற சொல் வரத் தேவையில்லை. உங்களுக்கே அப்படி எண்ணம் வந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். கூடவே நம்பிக்கையான ஒருவருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

புருசன் குடிச்சிட்டு அடிக்கிறான். அடங்கி ஜெபம் பண்ணு, மாறுவான்னு பாஸ்டரம்மா சொல்றாங்க.

எபேசியர் 5இல் மனைவிக்குச் சொன்னதைவிடப் புருசனுக்குச் சொன்னது நீளம்: கிறிஸ்து சபைக்காகத் தன்னைக் கொடுத்ததுபோல் அன்புகூரு. அடிக்கிறவன் அந்த வசனத்தை மீறுகிறான், அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிற வேலை சபையுடையது. உங்கள் வேலை முதலில் பாதுகாப்பு. 2005இன் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உதவிக்குப் போன் எடுக்கிற இலக்கம் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு நடந்தால் 1929. பாஸ்டர்மாருக்கு ஒன்று: பிள்ளைக்கு நடந்ததை ரகசியமாக ஜெபித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், சபையின் பெயர் கெடும் என்று யோசிக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை அதே வீட்டில் தூங்குகிறது.

வீட்டுல ஜெபக் கூட்டம் வெச்சா பொலிஸ் வந்து நிப்பாட்டச் சொல்லுது. மதம் மாத்துறோம்னு புகாராம்.

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் 14(1)(உ) கூடி வழிபடுவதையும் தருகிறது. 2008இல் வந்த மத விவகார அமைச்சின் சுற்றறிக்கை புதிய வழிபாட்டுத் தலம் கட்டுவது பற்றியது, அது பாராளுமன்றச் சட்டமும் இல்லை, ஆனால் பல இடங்களில் அதைக் காட்டித்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். எழுத்தில் கேளுங்கள், சண்டை போடாதீர்கள், சட்டத்தரணி ஒருவரைத் தெரிந்து வையுங்கள். 2003இல் உயர் நீதிமன்றம் மதத்தைப் பின்பற்றும் உரிமை வேறு, பரப்பும் உரிமை வேறு, இரண்டாவதற்கு அரசியலமைப்பில் உத்தரவாதம் இல்லை என்று தீர்மானம் சொல்லியிருப்பதையும் மறக்க வேண்டாம். தோட்டத்தில் இன்னொரு சிக்கல், லயக் காம்பரா உங்கள் சொத்து இல்லை, கூட்டத்துக்கு ஒபிஸ் தடை போட்டால் வாதாட இடம் குறைவு.

புகாரில் உண்மை இருக்கிறதா என்று நம்மையே கேட்கவும் வேண்டும். அரிசி மூட்டையோடு ஞானஸ்நானப் படிவத்தைக் கொண்டுபோன சபைகள் இருக்கின்றன. உதவி கொடுத்தால் கொடுத்ததோடு நிற்க வேண்டும். முனியாண்டி சிலையை உடைக்கச் சொல்வது, பக்கத்து வீட்டுக்குக் கேட்க ஸ்பீக்கரில் சாபம் போடுவது, இதெல்லாம் சுவிசேஷம் இல்லை. நாகமானுக்கு எலிசா சொன்னதை மேலே பார்த்தோமே.

பாஸ்டரே தப்புப் பண்ணினா யார்கிட்டச் சொல்றது? 'அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே'ங்கிறாங்க.

பேராயரோ தலைவரோ உள்ள சபையென்றால் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தனிச் சபை என்றால் கஷ்டம், பாஸ்டரும் பொருளாளரும் ஒரே குடும்பமாக இருப்பார்கள். கணக்கை வருசத்துக்கு ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள், வங்கிக் கணக்கில் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் கையெழுத்து இருக்கட்டும். மறுத்தால் காணிக்கையை நிறுத்தலாம், அது பாவமில்லை. 1 தீமோத்தேயு 5 இரண்டு மூன்று சாட்சியோடு மூப்பர் மேல் குற்றம் கொண்டுவரலாம் என்று வழியே சொல்லியிருக்கிறது. குற்றச் செயலாக இருந்தால் முந்தைய கேள்வியில் நிறுத்த வந்த அதே பொலிஸ்தான், போங்கள்.

நான் ஒரு சின்னச் சபையின் பாஸ்டர். சில மாசமா எனக்கே ஜெபம் வரல. வெளிய சொன்னா சபை போயிரும். என்ன செய்ய?

இதைக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை, யாரும் சபையில் வைத்துக் கேட்கவில்லை, பஸ் நிலையத்திலோ போனிலோதான். சம்பளம் இல்லாமல், மரண வீடு, கடன் சண்டை, பேயோட்டு என்று ராத்திரி பகல் ஓடுகிறவருக்கு உள்ளே வற்றிப்போவது அதிசயமா? சங்கீதம் 88 இருளோடுதான் முடிகிறது, நம்பிக்கை வரி ஒன்றும் இல்லை, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

சபைக்குச் சொல்லத் தேவையில்லை, வீட்டு அம்மாவுக்குச் சொல்லுங்கள். வேறு சபைக் குரு ஒருவரைப் பிடியுங்கள், உங்கள் ஆட்களைத் தெரியாதவராக இருந்தால் நல்லது, கத்தோலிக்கச் சுவாமியாக இருந்தாலும் பரவாயில்லை. சொந்த வார்த்தை வராத நாளில் எழுதி வைத்த ஜெபத்தை வாசியுங்கள், பெந்தெகொஸ்தேகாரர்கள் என்னைக் கோவித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தூக்கமும் சாப்பாடும் சேர்ந்தே போயிருந்தால் குளிசைக் கேள்விக்குச் சொன்னது உங்களுக்கும்தான், டொக்டரைப் பாருங்கள். ஒரு மாதம் பிரசங்கத்தை மூப்பர்களிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசை வாங்கில் உட்காருங்கள், அவர்கள் தடுமாறுவார்கள், சபை போய்விடாது.